அளவையியல் தாள் உங்கள் கைக்கு வந்தால்: எதை ஊன்றி நடத்துவது?

தத்துவத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்பவர் கையில் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் அளவையியல் (லாஜிக்) தாள்தான். அவர் அத்வைதத்தில் ஆய்வு செய்தவராக இருக்கலாம், சைவ சித்தாந்தத்தில் முனைவர் பட்டம் வாங்கியவராக இருக்கலாம். மூத்தவர்கள் தங்களுக்குப் பிடித்த தாள்களை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது இது. பலர் இதை ஒரு தண்டனை போலத்தான் ஏற்கிறார்கள். நான் இதைக் கேட்டு வாங்கி நடத்துகிறவள். தத்துவப் படிப்பில் வேறு எந்த வகுப்பிலும் ஒரு மாணவர், ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல், புத்தகத்தைத் திறக்காமல், தான் எழுதியது சரி என்று தானே உறுதி செய்துகொள்ள முடியாது. இந்த வகுப்பில் முடியும். அதனால் இந்தத் தாளை எப்படி நடத்துவது என்ற கேள்வியை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் எல்லாமே இருக்கும். அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதம், குறியீட்டு அளவையியல், இந்தியத் தத்துவத்தின் அனுமானம், அன்றாடப் பேச்சில் வரும் போலி வாதங்கள். ஒரு பருவத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 90 வேலைநாள். விடுமுறை, கலைவிழா, மாதிரித் தேர்வு எல்லாம் போக மிஞ்சுவதில் இந்த நான்கையும் ஒரே கனத்தோடு நடத்த முடியாது. நடத்துவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறிப்பு சொல்லி எழுத வைக்கிறார்கள். எதற்கு எட்டு வாரம், எதற்கு இரண்டே வாரம் என்று ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பழைய வழியைப் பார்ப்போம்: இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறும் முக்கூற்று வாதம். 'எல்லா', 'எதுவும் இல்லை', 'சில', 'சில அல்ல' என்ற நான்கு வகைக் கூற்றுகள், அவற்றை மூன்று மூன்றாக, நான்கு விதமான உருவங்களில் அடுக்கினால் வரும் 256 அமைப்புகள், அவற்றில் மரபுப்படி செல்லுபடியாகும் 24. ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டு மாணவர்கள் இவற்றை 'பார்பரா, செலாரென்ட்' என்று செய்யுளாக மனப்பாடம் செய்தார்கள். நம் கல்லூரிகளில் இந்த வழிக்கு இன்றும் இவ்வளவு செல்வாக்கு இருப்பதற்கு ஒரு காரணம் இர்விங் கோப்பியின் பாடநூல். 1953இல் முதலில் வந்து, பதிப்பு மேல் பதிப்பாக இந்திய வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு காரணம், கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி தரும் நெட் தேர்வு. எந்தப் பாடத்தில் எழுதுபவருக்கும் பொதுவான முதல் தாளில் எதிர்மைச் சதுரமும் (அந்த நான்கு வகைக் கூற்றுகள் ஒன்றோடொன்று எப்படி எதிர்படுகின்றன என்று காட்டுவது) வென் படமும் (வட்டங்களை வரைந்து வாதத்தைச் சோதிப்பது) உண்டு. 'எங்களுக்கு நெட்டுக்கு உதவுமா?' என்று மாணவர்கள் கேட்பதில் தப்பே இல்லை, அது அவர்கள் பிழைப்பு.

இந்த வழியில் நல்லது இருக்கிறது. கணக்கு என்றாலே மிரள்பவர்கள்கூட வென் படத்தை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். கூற்றுகள் பேசுகிற மொழியிலேயே இருக்கும். விடைத்தாள் திருத்துவதும் சுலபம். ஆனால் இதையே தாளின் பெரும்பகுதியாக்கினால் மாணவர் ஒரு குறுகிய அறைக்குள் மாட்டிக்கொள்வார். அந்தச் சுவர்களைத் தொட்டுக் காட்டியவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஓர் அதிகாரியின் மகனாக 1806இல் அங்கே பிறந்து, பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த அகஸ்டஸ் டி மார்கன். அவர் எழுப்பிய சிக்கல் எளிமையானது. எல்லாக் குதிரைகளும் விலங்குகள் என்றால், குதிரையின் தலை எதுவாக இருந்தாலும் அது ஒரு விலங்கின் தலை. குழந்தைக்கும் புரிகிற இந்த முடிவை முக்கூற்று வாதத்தின் எந்த அமைப்பாலும் பெற முடியாது, ஏனென்றால் 'இன்னதன் தலை' என்ற உறவை வைக்க அதில் இடமே இல்லை. அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு அளவையியல் ஓர் அடிகூட முன்னே வைக்கவில்லை என்று காண்ட் 1787இல் எழுதினார். அடுத்த நூறாண்டுக்குள், 1879இல், ஃப்ரெகே 'எல்லா', 'சில' என்பவற்றுக்கான புதிய குறியீட்டோடு வந்து அந்த அறையைத் திறந்துவிட்டார். அந்தக் கதை முடிந்துபோனது தெரியாத மாதிரி இன்றும் பருவம் முழுவதும் 256 அமைப்புகளை எண்ணிக்கொண்டிருப்பது மாணவருக்குச் செய்கிற அநியாயம். இரண்டு வாரம் போதும்.

கூற்றுகளைக் குறிகளால் எழுதி வாதத்தைச் சோதிக்கும் குறியீட்டு அளவையியலுக்கு வருவோம். நான் பக்கம் சாய்வது இந்த வழிக்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன். இதற்குள்ளேயே மூன்று முறைகள் உண்டு. கூற்றுகள் உண்மை, பொய் ஆகும் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் மெய்மை அட்டவணை பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. கணிதம் எடுத்தவர்களுக்குப் பழக்கம், எடுக்காதவர்களுக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். அடுத்தது மெய்மை மரம், 1950களில் பெத் தொடங்கி 1968இல் ஸ்மல்யன் எளிமையாக்கிக் கொடுத்தது. முடிவைப் பொய் என்று வைத்துக்கொண்டு கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போனால், எல்லாக் கிளையும் முரண்பட்டு மூடினால் வாதம் சரி, ஏதாவது ஒன்று திறந்தே நின்றால் அந்தக் கிளையே எதிர் உதாரணத்தைக் கையில் கொடுத்துவிடும். மூன்றாவது, 1934இல் கெண்ட்சனும் யாஸ்கோவ்ஸ்கியும் தனித்தனியே கொண்டுவந்த படிப்படியான நிறுவல் முறை. நாம் இயல்பாக வாதாடுவது போலவே 'இப்படி வைத்துக்கொள்வோம், அப்படியானால் இது வரும்' என்று வரி வரியாக நகர்வது.

வித்தியாசம் என்ன என்பதை டி மார்கன் பெயரிலேயே உள்ள விதியை வைத்துப் பார்க்கலாம். 'கண்ணன், மீனா இருவருமே வந்தார்கள்' என்பது பொய். ஆகவே, கண்ணன் வரவில்லை அல்லது மீனா வரவில்லை. மெய்மை அட்டவணையில் இது நான்கு வரி. மாணவர் நிரப்பிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். நிறுவல் முறையில் அப்படிப் போக முடியாது. கரும்பலகையில் முதல் வரியை எழுதிவிட்டு 'அடுத்து?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் அந்தப் பொய்யை நேராக உடைக்க எந்த விதியும் இல்லை. ஒரு மாணவி தயங்கித் தயங்கித் தொடங்குவார்: முடிவு தப்பு என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளே, கண்ணன் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'கண்ணன் வரவில்லை அல்லது மீனா வரவில்லை' என்பது உண்மையாகிவிடும். ஆனால் அதைத்தானே தப்பு என்று வைத்தோம், முரண்பாடு. ஆகவே கண்ணன் வந்திருக்கிறான். இதே வழியில் மீனாவும் வந்திருக்கிறாள். இருவரும் வந்தார்கள் என்றால் முதல் வரியோடு முரண்படுகிறது. ஆகவே முடிவு தப்பாக இருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்துவிடும். முடிகிறபோது அந்த மாணவியின் குரலில் ஒரு தெம்பு வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

ஒரு முறை இதே இடத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: "யார் வரலைன்னே தெரியாம, ரெண்டுல ஒண்ணு உண்மைன்னு எப்படி மேடம் சொல்றது?" 1908இல் டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவர் எழுப்பத் தொடங்கிய கேள்வி இதுதான். நாம் கையில் எடுத்துக் காட்ட முடியாத ஒன்றை, அது இல்லை என்பது முரண்படுகிறது என்பதற்காக மட்டும் உண்டு என்று சொல்லலாமா? அவர் வழியில் வளர்ந்த உள்ளுணர்வுவாத அளவையியலில் டி மார்கன் விதிகளின் மற்ற பக்கங்கள் எல்லாம் நிற்கும், அவன் கேள்வி கேட்ட இந்த ஒரு பக்கம் மட்டும் நிற்காது. தத்துவம் என்று அவனுக்கு நான் தனியாக எதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அட்டவணையை மட்டும் நிரப்பியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது, ஏனென்றால் அட்டவணை ஒவ்வொரு கூற்றும் உண்மை அல்லது பொய் என்று முதல் வரியிலேயே தீர்த்து வைத்துவிடுகிறது.

இந்த வழியின் இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் கை நடுங்குகிற மாணவர் எத்தனையோ பேர். காண்ட் தாளிலும் அரசியல் தத்துவத் தாளிலும் இவர்கள் எவ்வளவு யோசித்தாலும் மதிப்பெண்ணில் பின்தங்குவார்கள். நிறுவலில் எழுதப்படுவது குறியீடு. நகரத்துப் பள்ளியில் படித்தவர் எழுதினாலும், கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர் எழுதினாலும் வரிகள் ஒரே மாதிரிதான் இருக்கும். பருவத்தின் பாதியில் வகுப்பின் வரிசையே மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பாடத்தின் நடுவில் வைப்பேன்.

சரி, இதற்கு விலை என்ன? திருத்தும் நேரம். ஒரே முடிவுக்கு ஐந்து மாணவர்கள் ஐந்து வழியில் போவார்கள். ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். வகுப்பில் 60 பேர், வாரம் ஐந்து நிறுவல், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 10 மணி நேரம். யுஜிசி 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி. அதற்கு மேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தால் கோப்புப் பணி. பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவது ஆய்வுக் கட்டுரைகள். நீங்கள் திருத்திய நிறுவல்கள் எந்தப் படிவத்திலும் ஏறாது. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. வாரத்தில் ஒரு நிறுவலை மட்டும் நீங்கள் திருத்துங்கள், மற்றதை மாணவர்கள் தாள்களை மாற்றிக்கொண்டு திருத்தட்டும். அடுத்தவர் நிறுவலில் தப்பான வரியைக் கண்டுபிடிப்பது, தானே எழுதுவதற்குச் சமமான பயிற்சி. மேக்னஸ் எழுதிய 'ஃபார் ஆல் எக்ஸ்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பயிற்சிக் கணக்குகளோடு. எடுத்து மாற்றிக்கொள்ளவும் உரிமம் இடம் தருகிறது. நிறுவல்களைச் சரிபார்க்கும் 'கார்னாப்' போன்ற இலவச மென்பொருளும் உண்டு. கல்லூரியின் கணினி அறையை வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினால் திருத்தும் வேலை பாதியாகும்.

மூன்றாவது வழியான இந்திய மரபின் அனுமானம் நம் மண்ணுக்கு நெருக்கமானது. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையைப் பாடமாகவே நடத்துகிறார். காட்சி, கருத்தளவு (அனுமானம்) என்று இரண்டே பிரமாணம், அதாவது அறியும் வழி. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்பு. இம்மலை நெருப்புடையது, புகையுடைமையால், அடுக்களை போல. அப்புறம் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அந்தந்த உறுப்பில் வரும் பிழைகளின் விரிவான வகைப்பாடு. ஒரு தமிழ்க் காப்பியத்துக்குள் இவ்வளவு முழுமையான ஓர் அளவையியல் பாடம் இருப்பதைத் தத்துவ மாணவர் அறியாமலே பட்டம் வாங்கிப் போவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். நியாய தரிசனத்தின் பக்கம் அன்னம்பட்டரின் 'தர்க்க சங்கிரகம்' உண்டு; அதற்குச் சென்னையில் குப்புசாமி சாஸ்திரி 1932இல் ஆங்கிலத்தில் எழுதிய விளக்க நூல் இன்றும் பயன்படுகிறது. நெட் முதல் தாளிலும் 2019 முதல் பிரமாணங்கள், வியாப்தி (ஏது இருக்குமிடமெல்லாம் நிறுவப்படுவதும் இருப்பது), ஹேத்வாபாசம் (ஏதுப்போலி) எல்லாம் இருக்கின்றன. ஆக, தேர்வுக்கு உதவாது என்றும் இனிச் சொல்ல முடியாது.

இதன் பலம் எங்கே தெரிகிறது என்றால், உலகத்தைப் பற்றிய அனுமானத்தில். வகுப்பில் நான் அடிக்கடி வைக்கும் வாதம்: கனமழை பெய்தால் கல்லூரிக்கு விடுமுறை, இன்று கல்லூரிக்கு விடுமுறை, ஆகவே கனமழை பெய்திருக்கிறது. டிசம்பர் மாதத்தில் சென்னையில் கேட்டால் பாதி வகுப்பு தலையாட்டிவிடும். குறியீட்டில் எழுதிக் காட்டினால் வடிவம் தப்பு என்று தெரியும். ஆனால் ஏன் அந்தத் தப்பான வடிவம் டிசம்பரில் இவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்பதைக் குறியீடு சொல்லாது. அறவண அடிகள் வழியில் கேட்டால் கேள்வியே வேறு: விடுமுறை என்பது மழைக்கு நல்ல ஏதுவா? மழை இல்லாத இடத்திலும் விடுமுறை காணப்படுகிறதா? பொங்கலுக்கு, தேர்தலுக்கு, தலைவர் மறைவுக்கு விடுமுறை விடுகிறார்களே. ஆக, இரு பக்கமும் போகிற ஏது, அநைகாந்திகம். இப்படிக் கேட்கப் பழகிய மாணவர், வடிவத்தை மட்டும் பார்க்காமல், எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

ஆனால் இதை மட்டுமே வைத்துப் பருவத்தை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அனுமானம் ஓர் அடியில் முடிகிறது. ஒரு 'வைத்துக்கொள்வோம்' உள்ளே இன்னொரு 'வைத்துக்கொள்வோம்' என்று, முன்பு பார்த்த கண்ணன்-மீனா நிறுவல் போல நீண்டு செல்லும் பயிற்சி அதில் கிடைக்காது. நடைமுறையில் இன்னொரு சிக்கல், இது எளிதில் பெயர்ப் பட்டியலாகிவிடும். போலிகளை வகைக்கொரு வரி எழுதி ஒப்பிக்க வைத்துவிட்டால், வாதிடக் கற்றுத்தர எழுந்த ஒரு மரபே மனப்பாடப் பகுதியாகச் சுருங்கிப்போகும். நடத்தினால் வாதமாகவே நடத்துங்கள். இரண்டு பேரை எழுப்பி, ஒருவர் ஐந்து உறுப்பையும் சொல்லட்டும், மற்றவர் எந்த உறுப்பில் போலி என்று சுட்டட்டும்.

நான்காவதாக, இப்போது எல்லா இடத்திலும் பரிந்துரைக்கப்படும் 'கிரிட்டிக்கல் திங்கிங்'. நாளிதழ் தலையங்கம், விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி இவற்றை எடுத்துப் போலி வாதங்களைக் கண்டுபிடிப்பது. வணிகவியல், அறிவியல் மாணவர்களுக்கான பொதுத் தாள் என்றால் இதுவே சரியான தேர்வு. அவர்களுக்கு வேறு அளவையியல் வகுப்பு வாழ்நாளில் கிடைக்கப்போவதில்லை. தத்துவ மாணவர்களுக்கு இதைப் பெரும்பகுதியாக்க வேண்டாம். போலிகளின் பெயர்களைக் கற்றவர்கள் எதிராளி வாயைத் திறந்ததுமே ஒரு பெயரை ஒட்டிவிட்டு, வாதத்தைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தலையங்கத்தின் முடிவு எது, காரணங்கள் எவை, சொல்லாமல் விட்ட காரணம் எது என்று பிரித்து எழுத வைப்பது அதைவிட நூறு மடங்கு பயனுள்ளது.

இங்கே குறியீட்டுப் பக்கம் சாயும் என்னைப் போன்றவர்கள் ஓர் ஆய்வுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1966இல் உளவியலாளர் பீட்டர் வேசன் ஒரு சோதனை வைத்தார். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்பது விதி. மேசையில் நான்கு அட்டைகள்: ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எவற்றைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் 7ஐயும். படித்தவர்களிலேயே பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். 1986இல் செங், ஹோலியோக் முதலியோர், ஒரு பருவம் முழுக்க அளவையியல் படித்த மாணவர்களுக்கு இதே வகைச் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே 'அளவையியல் படித்தால் எதையும் தெளிவாக யோசிப்பீர்கள்' என்று விளம்பரம் செய்யாதீர்கள். நிறுவலைக் கற்றவர் நிறுவலைக் கற்றிருக்கிறார். நீண்ட ஒரு தத்துவ வாதத்தை எந்த வரியில் நம்ப வேண்டும், எந்த வரியில் நிற்க வேண்டும் என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு வரும். அது தத்துவ மாணவருக்குப் போதுமான காரணம். மற்றதற்கு அந்தந்தத் துறையின் சான்றுகளோடு பழக வேண்டும், அதற்குத்தான் அறவண அடிகளின் கேள்விகளை உள்ளே கொண்டுவரச் சொல்கிறேன்.

உங்கள் வேலையின் நிலை என்ன என்பதையும் பொறுத்தே இந்தத் தீர்மானம் அமையும். நிரந்தரப் பணியில் இருந்து, இந்தத் தாள் சில ஆண்டுகள் உங்களிடமே இருக்கும் என்றால், நிறுவல் முறையில் இறங்குங்கள். முதல் ஆண்டு முதுகு ஒடியும். கணக்குகளைச் சேர்த்து வைத்துவிட்டால் பிறகு தாள் தானே நடக்கும், ஆய்வுக்கும் நேரம் திரும்பக் கிடைக்கும். கௌரவ விரிவுரையாளராக, அடுத்த ஆண்டு இதே தாள் வருமா என்ற உறுதி இல்லாமல், ஒரே வகுப்பில் நூறு பேரோடு இருப்பவர் மெய்மை மரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. திருத்துவது வேகம், செல்லாத வாதத்துக்கு எதிர் உதாரணமும் கிடைக்கும், 'எல்லா', 'சில' வரைக்கும் நீட்டலாம். கண்ணன்-மீனா போல இரண்டு நிறுவல்களை மட்டும் கரும்பலகையில் சேர்ந்து செய்யுங்கள். உங்கள் ஆய்வே பிரமாண இயலில் என்றால், மூன்றாவது வழிக்கு ஐந்து வாரம்கூடக் கொடுக்கலாம். கற்பிப்பதும் எழுதுவதும் ஒரே பொருளில் அமைகிற வாய்ப்பு நம் துறையில் அரிது, அதை விட்டுவிடாதீர்கள். இந்தியத் தத்துவ அறிஞர்களான மதிலாலும் ஸ்டாலும் இந்திய, மேலை மரபுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்டால் தன் முனைவர் பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வாங்கியவர்.

நான் வைத்திருக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வாரம் மணிமேகலையின் 29ஆம் காதையும் வகுப்பு விவாதமும்; யாருக்கும் குறியீட்டுப் பயம் இல்லாத நேரம் அது. அடுத்து இரண்டு வாரம் வென் படம், எதிர்மைச் சதுரம். இங்கே ஒரு எச்சரிக்கை: 'எல்லா' என்றால் அதில் ஒருவராவது இருக்கிறார் என்று பழைய அளவையியல் எடுத்துக்கொள்கிறது, புதியது எடுத்துக்கொள்வதில்லை. தேர்வு அரங்கில் கைபேசி கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் அபராதம் என்ற அறிவிப்பு, யாருமே கொண்டுவராத நாளிலும் உண்மைதான் என்று சொல்லிக் காட்டுங்கள். இல்லையென்றால் பிறகு குழப்பம் வரும். அப்புறம் ஒரு வாரம் மெய்மை அட்டவணை, ஏழு வாரம் நிறுவல், அதில் கடைசி மூன்றில் 'எல்லா', 'சில'. 'எல்லா மாணவர்களும் ஒரு புத்தகத்தைப் படித்தார்கள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஒரே புத்தகமா, ஆளுக்கொரு புத்தகமா என்று இரண்டு விதமாகக் குறியீட்டில் எழுத வையுங்கள். டி மார்கனின் குதிரைத் தலையை அவர்களே நிறுவுகிற நாள் அதற்கு அடுத்த வாரம்.

பருவத்தேர்வு வினாத்தாளைப் பல்கலைக்கழகம் அமைக்கும் இடங்களில் உங்கள் கையில் இருப்பது அகமதிப்பீடு மட்டுமே. அந்த மதிப்பெண்களை முழுக்க நிறுவலுக்கும் வாதப் பகுப்புக்கும் ஒதுக்கிவிடுங்கள், குறிப்பெழுதும் கேள்விகளைப் பருவத்தேர்வு பார்த்துக்கொள்ளும்.